பங்குக் குருக்களுக்கு வந்த கேள்வித்தாள்



அண்மையில் ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து வெளியே வருகையில், எம் பங்கைச் சேர்ந்த முதிய தாய் ஒருவர் என்னை நிறுத்தினார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமியில், வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை சென்றிருந்த தம் தங்கை மகளை இழந்தவர் அவர். “ஐயா, மாதாவைத் தேடி வந்தவங்களையே கடல் கொண்டு போச்சே; நாம என்ன பாவம் செஞ்சோம்?” என்று கேட்டார். நின்ற நிலையில் விடை கூற என்னால் இயலவில்லை. ஆகவே இம்மாதப் பகுதியை இதற்கே ஒதுக்குகிறேன்.

இதே கேள்வி ஒரு காலத்தில் ஒரு கத்தோலிக்க நாடு முழுவதையும் உலுக்கியது. 1755 நவம்பர் 1-ஆம் நாள், சகல புனிதர் திருநாள். போர்த்துக்கல் நாட்டுத் தலைநகராகிய லிஸ்பனில் காலை ஒன்பதரை மணிக்குமேல், கோவில்களெல்லாம் நிறைந்திருந்த வேளையில், நிலம் அதிர்ந்தது. திருப்பலி கண்டுகொண்டிருந்தவர்கள்மீது கூரைகள் இடிந்து விழுந்தன. பீடங்களில் ஏற்றியிருந்த மெழுகுதிரிகளும் வீட்டு அடுப்புகளும் தீயைப் பரப்ப, நகரம் பல நாட்கள் எரிந்தது. தப்பியவர்கள் தாகுஸ் ஆற்றுக் கரைக்கு ஓடினார்கள். அங்கே நீர் உள்வாங்கி, ஆற்றின் அடித்தரை தெரிந்ததாம். அதை வியந்து நின்றவர்கள்மேல் அலை வந்து விழுந்தது. மாண்டோர் பல்லாயிரவர்.

மலகிரிதா என்னும் சேசு சபைக் குரு, இது பாவத்திற்குக் கிடைத்த தண்டனையே என்றும், இயற்கைக் காரணம் தேடுவது தவறு என்றும் 1756-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பிரேசில் நாட்டில் நெடுங்காலம் வேதம் போதித்து உழைத்தவர் அவர். பிற்பாடு அநியாயமாகக் கொலைத் தண்டனைக்கு உள்ளானவர். அவரை எள்ளி நகைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தை அவர் சற்று நின்று வாசித்திருக்கலாம். சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேர் மற்றவர்களைக் காட்டிலும் கொடிய குற்றவாளிகளோ என்று ஆண்டவரே கேட்டு, அல்ல என்று ஆண்டவரே விடையும் அளித்திருக்கிறார். அந்தத் தாய்க்கு நான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது இதுவே.

அப்படியாயின் நிலம் ஏன் அதிர்கிறது? பூமியின் மேலோடு ஒரே துண்டு அன்று. ஏழு பெருந்தட்டுகளும் பல சிறு தட்டுகளுமாக அது பிளவுண்டு கிடக்கிறது. இத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், அதாவது நம் கைந்நகம் வளரும் வேகத்தில், நகர்ந்துகொண்டே இருக்கின்றன. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் ஜெர்மானியராகிய ஆல்ஃபிரட் வெகனர் கூறியபோது அறிஞர் பலர் அவரைப் பரிகசித்தனர். 1960-களில் கடலடித் தரையை ஆராய்ந்த பின்னரே அவர் கருத்தின் உண்மை விளங்கியது. பாவம், அவர் 1930-இலேயே கிரீன்லாந்துப் பனிவெளியில் இறந்துவிட்டார்.

தட்டுகளின் விளிம்புகள் மூவகை. விந்தை என்னவெனில், ஆப்பிரிக்கத் தட்டுக்கும் ஐரோப்பா-ஆசியத் தட்டுக்கும் இடையே லிஸ்பனுக்குத் தெற்கே செல்லும் எல்லையில் அம்மூன்றையும் காணலாம். மேற்கே அசோர் தீவுகளருகே தட்டுகள் விலகுகின்றன. பிளவின் வழியே எரிமலைக் குழம்பு எழுந்து புதுத் தரையாகிறது. நடுவே அவை ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் வழுக்குகின்றன. கிழக்கே வந்தால் நெருக்கி மோதுகின்றன. மோதும் இடத்தில் பாறை உடனே நகர்வதில்லை. நூற்றாண்டுக்கணக்கில் இறுகி நின்று, தாங்க இயலாத கணத்தில் முறிகிறது. 1755-இல் முறிந்த பிளவு எது என்பதில் அறிஞர் இன்னும் ஒருமித்தாரில்லை; அது இம்மோதல் பகுதியைச் சார்ந்தது என்பதே பொதுக்கருத்து.

நம் கரையைத் தாக்கியதும் மோதலே. சுமத்திரா முதல் அந்தமான் வரை இந்தியத் தட்டு, பர்மாத் தட்டின் அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. 2004-இல் அங்கே ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்கு விளிம்பு முறிந்தது. மேல்தட்டின் ஓரம் துள்ளி எழ, அதன்மேலிருந்த கடல்நீரும் எழுந்தது.

லிஸ்பன் கதையில் நான் பெரிதும் மதிப்பது மற்றொன்று. பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சர், நாட்டின் பங்குக் குருக்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது? எந்தத் திசையில் மிகுந்திருந்தது? எத்தனை வீடுகள் விழுந்தன? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? தம் ஆலயம் இடிந்து, மந்தையைப் புதைத்துக் களைத்திருந்த குருக்கள் பலர் அமர்ந்து விடை எழுதினார்கள். அவ்விடைகளுட் பல இன்றும் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நில அதிர்ச்சி ஆய்வாளர் அவற்றைப் புரட்டிப் பயன்கொள்கின்றனர்.

அந்தக் கடைசிக் கேள்வி நமக்கும் உரியது. லிஸ்பனில் கடல் முதலில் இறங்கியது. 2004-இல் தாய்லாந்திலும் அவ்வாறே. ஆனால் தரை எழுந்த பக்கம் நம்மை நோக்கியிருந்ததால், தமிழகக் கரையில் கடல் முதலிலேயே ஏறி வந்தது. முதல் அலை வடிந்தபின் தரையைக் காண இறங்கியோரும் உண்டு. ஆதலால் கடற்கரைப் பங்குகளில் உள்ளோர், கடல் உள்வாங்கினால்தான் ஆபத்து என்று எண்ணிக் காத்திருத்தலாகாது. 2007 முதல் ஐதராபாத்தில் இயங்கும் சுனாமி எச்சரிக்கை நிலையத்திலிருந்து செய்தி வந்தால், உடனே மேட்டுக்குச் செல்லுங்கள். ஓர் அலை வந்து போயிற்று என்று நம்பிப் படகைப் பார்க்கவோ பொருளை எடுக்கவோ திரும்பாதீர்கள். அடுத்த அலை அரைமணி நேரம் கழித்தும் வரக்கூடும்.