ஏழை மாணவர் பெயரால் ஒரு தப்புக் கணக்கு

பழைய லேப்டாப்பும் பழைய போனும் வாங்குவது ஏழைகள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்ளும் வேலை, தவணையிலாவது புதியதையே வாங்குங்கள் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கல்லூரி சேரப்போகும் பிள்ளையின் பெற்றோர் இதை நம்பினால் கடனில் விழுவார்கள். அதனால் இதைச் சும்மா விட முடியாது.

அவர் ஒப்பிடும் முறையே மோசடி. ஆறேழு வருடம் உழைத்த மெஷினை அறுபதாயிரம் ரூபாய்ப் புது லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்து, எது வேகம் என்று கேட்கிறார். அறுபதாயிரம் கையில் இருப்பவர் எதற்காகச் சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப்புக்காகக் கடை கடையாக ஏறி இறங்கப்போகிறார்? இருபதாயிரம் மட்டும் வைத்திருப்பவருக்குப் புதிதில் என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல் அதை அவர் மறைத்துவிட்டார். நான் சொல்கிறேன். அந்த விலைக்குப் புதிதில் பெரும்பாலும் கிடைப்பது இரண்டு கோர் செலரான். ராம் போர்டோடு சாலிடர் செய்யப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. பலவற்றில் எஸ்எஸ்டிகூட இருக்காது. அதைவிட மெதுவான இஎம்எம்சிதான் இருக்கும். அதே பணத்துக்கு, நிறுவனங்கள் கழித்துவிட்ட லாட்டிலிருந்து 2018இல் வந்த திங்க்பேட் டி480 கிடைக்கிறது. எட்டாம் தலைமுறை இன்டெல், நான்கு கோர், ராமுக்கு இரண்டு ஸ்லாட், உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்டும் இன்னொரு பேட்டரி. கீபோர்டு போனால் கீபோர்டை மட்டும் மாற்றலாம். இப்படிப்பட்ட மெஷின்கள் கெட்டுப்போய் வெளியே வருவதில்லை. மூன்று நான்கு வருடக் குத்தகையோ வாரண்டியோ முடிந்தது என்பதற்காகவே ஐடி நிறுவனங்கள் இவற்றை மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. புரோகிராம் எழுதப் பழகும் மாணவிக்கு இரண்டில் எது உதவும் என்று எந்த சர்வீஸ் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். கட்டுரையாளர் கேட்கவில்லை.

பழைய போன் நாளாக நாளாக மெதுவாகிவிடும் என்கிறார். ஏன் மெதுவாகிறது? பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகத் தானே குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு பேட்டரி மாற்றும் கட்டணத்தையும் குறைத்தது. பேட்டரி மாற்றியதும் அந்தப் போன்களுக்கு வேகம் திரும்பியது. போனைத் தூக்கி எறியச் சொல்கிறவருக்கு இது தெரியாதா? தெரியாதென்றால் இந்த விஷயத்தில் அறிவுரை சொல்ல அவருக்குத் தகுதி இல்லை. தெரிந்தே விட்டிருந்தால் அது இன்னும் மோசம்.

பாதுகாப்பு அப்டேட் வராத போனை வாங்கக் கூடாது என்பது சரி. அதிலிருந்து பழையது எல்லாமே ஆபத்து என்று தாவுவதுதான் புரட்டு. 2024 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்24க்கு ஏழு வருட அப்டேட்டை சாம்சங் அறிவித்தது. இன்று அதை செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் 2031 வரை கவலை இல்லை. அந்த விலைக்குப் புதிதாக வரும் பல போன்களுக்கு அவ்வளவு காலம் உறுதி தரப்படுவதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்ததையும் சாட்சிக்கு இழுக்கிறார். ஆனால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்து விண்டோஸ் 11ஐ முறைப்படியே போடலாம். அதற்கும் முந்தைய மெஷினில் லினக்ஸ் நன்றாக ஓடும். நேற்றுவரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டரைக் குப்பை ஆக்கியது மைக்ரோசாஃப்டின் முடிவு. பழியை வாங்குபவர் தலையில் கட்டுவது அநியாயம்.

திருட்டு செட்டாக இருந்தால்? நியாயமான பயம். *#06# அடித்தால் ஐஎம்இஐ எண் வரும். அதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ளிட்டோ, கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்துக்குப் பின் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பியோ, அந்த எண் முடக்கப்பட்டதா என்று பார்க்கலாம். பழைய உரிமையாளரின் ஆப்பிள் ஐடி நீங்கியிருக்கிறதா, லேப்டாப்பில் பயாஸ் பாஸ்வேர்டு இருக்கிறதா, பேட்டரி ஹெல்த் எவ்வளவு, போட்டிருப்பது காப்பி டிஸ்பிளேயா என்று கடையிலேயே சோதிக்க வேண்டும். பில்லும் எழுத்தில் வாரண்டியும் தராத கடையில் வாங்கக் கூடாது. ஏமாற்றும் வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து தப்பிக்கும் வழியைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பயத்தைக் கிளப்பிவிட்டுத் தவணைக் கடையின் வாசலைக் காட்டுவதோடு அவர் வேலை முடிந்துவிட்டது.

பழையது மின்சாரம் தின்னும், சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று ஒரு பத்தி வேறு. ஐபோனால் வரும் கார்பன் உமிழ்வில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது என்பதை ஆப்பிளின் அறிக்கைகளே சொல்கின்றன. 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது கால் பங்குகூட இல்லை. அந்தப் பத்திக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

கடைசியாக, புதியது வாங்கினால்தான் ஸ்ரீபெரும்புதூர் போன் ஆலைத் தொழிலாளிக்குச் சோறு என்கிறார். இந்த வாதம்தான் எனக்கு அதிகக் கோபம் மூட்டியது. அதே ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மக்கள் புதுப் போன் வாங்காததால் அது மூடவில்லை. அந்த ஆண்டு ஸ்மார்ட்போன் விற்பனை ஏறிக்கொண்டுதான் இருந்தது. வரித் தகராறில் ஆலை மாட்டிக்கொண்டது. நோக்கியாவின் போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட் இந்த ஆலையை எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு இங்கிருந்து போன் வாங்கும் ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டது. ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள், வேலை இழந்தார்கள். நாம் எத்தனை புதுப் போன் வாங்கியிருந்தாலும் அவர்கள் வேலை தங்கியிருக்காது. தொழிலாளிமேல் உண்மையான அக்கறை இருந்தால், ரிச்சி தெரு மாடிகளிலும் ஒவ்வொரு ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் மைக்ரோஸ்கோப் வைத்து மதர்போர்டு பார்க்கும் பையன்களும் அவர் கண்ணில் பட்டிருப்பார்கள். பழைய மெஷினை ஓடவைப்பதுதான் அவர்கள் பிழைப்பு. அதை ஒரு வேலையாகவே அவர் கணக்கில் சேர்க்கவில்லை.