தள்ளுவண்டியை வென்ற கூடை

மலேசியாவில் ‘ஜெயண்ட்’ என்ற பெயரை அறியாத தமிழ்க் குடும்பம் இருக்க முடியாது. 1944ஆம் ஆண்டு தெங் குடும்பத்தார் கோலாலம்பூரின் புறநகர் ஒன்றில் தொடங்கிய சாதாரண மளிகைக் கடை அது. 1999இல் ஹாங்காங்கைத் தளமாகக் கொண்ட டெய்ரி ஃபார்ம் குழுமத்தின் கைக்கு மாறியது. பிறகு நாடெங்கும் பேரங்காடியாகப் பரவியது. சம்பளம் கிடைத்த வாரத்தில் குடும்பத்தோடு ஜெயண்ட்டுக்குப் போவது ஒரு காலத்தில் பலருக்குப் பொழுதுபோக்காகவே இருந்தது. அதே நிறுவனம் 2010களின் பிற்பாதியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கடைகளை மூடியது. 2023இல் ஹாங்காங் குழுமம் தன் மலேசிய மளிகை வணிகத்தை மெக்ரோவேல்யூ என்ற உள்நாட்டு நிறுவனத்திற்கு விற்றது. 2025இல் சிங்கப்பூர்க் கடைகளையும் அதே நிறுவனத்திற்கு விற்பதாக அறிவித்தது.

வாடிக்கையாளர்கள் எங்கே போனார்கள்?

இந்தக் கேள்வியை விடுதி நண்பர்களிடம் கேட்டால் உடனே வரும் பதில், “எல்லாரும் இணையத்தில் வாங்குகிறார்கள்” என்பதுதான். பாதி உண்மை. சட்டையும் கைப்பேசி உறையும் இணையத்தில் வாங்குகிறோம். ஆனால் பத்துக் கிலோ அரிசியையும் முட்டைத் தட்டையும் எத்தனை பேர் வீட்டில் இணையத்தில் வாங்குகிறார்கள்? ஜெயண்ட் சுருங்கிய அதே ஆண்டுகளில், செங்கல்லும் சிமெண்டுமாக நிற்கும் ஒரு கடைத்தொடர் தாமான் தாமானாக முளைத்துக்கொண்டிருந்தது. அதுதான் ‘99 ஸ்பீட்மார்ட்’. சிறு வயதில் போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்ட லீ தியாம் வா, 1987இல் கிள்ளானில் திறந்த ஒரு மளிகைக் கடையிலிருந்து வளர்ந்தது அது. 2023இல் அதன் விற்பனை 9 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது. 2024 செப்டம்பரில் 2,600க்கும் மேற்பட்ட கிளைகளோடு பங்குச் சந்தையில் நுழைந்து 2.36 பில்லியன் ரிங்கிட் திரட்டியது. ஆக, மக்கள் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. பெரிய கடைக்குப் போவதைத்தான் குறைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவதாக வரும் பதில், விலை. இதிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரே பால் டின் இரண்டு கடைகளிலும் சில சென் வித்தியாசத்தில்தான் விற்கும். ஆனால் எங்கள் அம்மாவைப் போன்ற ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி, பலகையில் எழுதியிருக்கும் விலையை மட்டும் பார்ப்பதில்லை. எட்டுக் கிலோமீட்டர் போய் வர எண்ணெய்ச் செலவு, வண்டி நிறுத்தக் கட்டணம், வேலை முடிந்து வந்த களைப்பு, முகப்பில் காத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்பார். நாற்பது சென் மிச்சம் பிடிக்க நான்கு ரிங்கிட் செலவழிப்பது கணக்கில் உதைக்கும். இந்தக் கணக்கைப் போட வணிகவியல் பட்டம் தேவையில்லை.

பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கையிருப்பு குறைந்த மனிதனுக்குத் தள்ளுவண்டியைக் கண்டால் பயம். பேரங்காடியின் அமைப்பையே கவனித்துப் பாருங்கள். அரிசியும் எண்ணெயும் பெரும்பாலும் கடைக்கோடியில் இருக்கும். அவற்றை அடைவதற்குள் மிட்டாய், விளையாட்டுச் சாமான், தொலைக்காட்சிப் பெட்டி என்று பத்து ஆசைகளைக் கடந்து போக வேண்டும். கூடவே பிள்ளைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம். பால் டின் வாங்கப் போனவர் எண்பது ரிங்கிட் ரசீதோடு திரும்புவார். மாதக் கடைசியில் கையில் ஐம்பது ரிங்கிட் வைத்திருப்பவர் அந்த இடத்திற்குப் போகாமல் இருப்பதே பாதுகாப்பு என்று முடிவு செய்கிறார். சின்னக் கடையில் கூடைதான். கூடை கனத்தால் கை வலிக்கும், கை வலித்தால் வாங்குவதை நிறுத்திக்கொள்வோம். (நம் பாட்டிமார் முந்தானையில் காசை முடிந்துகொண்டு கடைக்குப் போனதும் ஏறக்குறைய இதே தத்துவம்தான்.)

பேரங்காடி என்பது மாதம் ஒரு முறை மொத்தமாக வாங்கும் குடும்பத்திற்காகக் கட்டப்பட்டது. அதற்கு மாதச் சம்பளம் வேண்டும், கார் வேண்டும், வீட்டில் பெரிய குளிர்பதனப் பெட்டி வேண்டும், சனிக்கிழமை ஓய்வும் வேண்டும். நம்மவர்களில் எத்தனை பேருக்கு இந்த நான்கும் ஒருசேர வாய்க்கிறது? லோரி ஓட்டுபவருக்கு நடைக்கு நடை காசு. பாதுகாவலருக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் இரண்டு அரிசி மூட்டை வைக்க இடமில்லை. 2015 ஏப்ரலில் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி வந்தபோது மக்கள் ரசீதை வரிக்கு வரி படிக்கத் தொடங்கினார்கள். 2018இல் அந்த வரி போனது. படிக்கும் பழக்கம் போகவில்லை. அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கு வாங்குவது என்று பலர் மாறிவிட்டார்கள். அப்படி வாங்க வேண்டுமானால் கடை நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். ஐந்து ஏக்கர் நிலத்தில் நிற்கும் கட்டடம் நடக்கும் தூரத்திற்கு வர முடியாது. இரண்டு கடைவீடுகளை வாடகைக்கு எடுத்த கடை வர முடியும்.

இதற்கிடையே, ‘எல்லாம் ஒரே கூரையின் கீழ்’ என்ற கவர்ச்சியும் கழன்றுகொண்டது. ஆணியும் வாளியும் வாங்க ‘மிஸ்டர் டிஐவை’ வந்தது. 2005இல் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் ஒரு கடையாகத் தொடங்கியது அது. துணியும் மின்சாதனமும் இணையத்திற்குப் போயின. ஆனால் அந்தப் பொருள்களுக்காகக் கட்டிய தளத்திற்கு வாடகையும் குளிர்சாதன மின்கட்டணமும் அப்படியே இருந்தன. வருமானம் குறைந்தால் சரக்கைக் குறைப்பார்கள். அடுக்கு காலியாகத் தெரிந்தால் இருக்கிற வாடிக்கையாளரும் வேறு கடை தேடுவார்.

அப்படியானால் பெரிய கடைகள் எல்லாமே அழிந்துவிட்டனவா? இல்லை. 1957இல் கோத்தா பாருவில் ஓர் இந்திய முஸ்லிம் குடும்பம் தொடங்கிய மைடின் இன்னமும் நடக்கிறது. கிள்ளான் வட்டாரத்தில் 1955இல் தோன்றிய இகோன்சேவ், காய்கறியையும் மீனையும் நம்பிச் சிறு பட்டணங்களிலும் கூட்டம் சேர்க்கிறது. மூட்டை கட்டியவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள். 1994இல் சுபாங் ஜெயாவில் முதல் கடை திறந்த கேரிஃபோர் 2012இல் ஏயோனிடம் விற்றுவிட்டுப் போனது. 2002இல் பூச்சோங்கில் கால் வைத்த டெஸ்கோ, 2020இல் தாய்லாந்தின் சிபி குழுமத்திற்குக் கைமாறி இன்று லோட்டஸ் ஆகிவிட்டது. தூரத்துத் தலைமையகத்தில் அமர்ந்து கணக்குப் பார்ப்பவருக்கு மாதக் கடைசி என்றால் என்னவென்று தெரியாது என்பது என் கருத்து. சிங்கப்பூரிலும் பாருங்கள். 1985இல் தொடங்கி வீவக குடியிருப்புகளுக்கு அடியிலேயே கடை விரித்த ஷெங் சியோங் வளர்ந்தது. அங்கும் ஜெயண்ட் தேய்ந்தது.

இனி நம் பக்கம் வருவோம். 2000களில் பேரங்காடிகள் பெருகியபோது, சிறு வியாபாரிகள் செத்துவிடுவார்கள் என்ற கூக்குரல் எழுந்தது. அரசாங்கமும் கிள்ளான் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் புதிய பேரங்காடிகளைச் சில காலம் நிறுத்தி வைத்தது. நம் தமிழ் மளிகைக் கடைகள் பல அந்தக் காலத்தில்தான் மூடப்பட்டன. “பெரிய முதலைகளோடு எப்படிப் போட்டி போடுவது?” என்று இன்றும் பேசுகிறோம். ஆனால் அதே கிள்ளானில், அதே காலத்தில், அதே அளவுள்ள ஒரு மளிகைக் கடை இரண்டானது, இருபதானது, ஆயிரமானது. மொத்தமாக வாங்கியது, சொந்தக் கிடங்கு வைத்தது, எல்லாக் கடையிலும் ஒரே விலை போட்டது. நம்மவர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கிடங்கு வைத்திருக்க முடியாதா? முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். முதல் இல்லை என்பதைவிட, ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கச் சம்மதிக்கவில்லை என்பதுதான் தடையாக இருந்திருக்கும்.

இப்படிச் சொல்வதால் நான் கூடைக்காரர்களுக்குக் கொடி பிடிப்பதாக எண்ண வேண்டாம். நம் மளிகைக் கடைக்காரரிடம் ஒரு பொருள் இருந்தது. அது 555 குறிப்புப் புத்தகம். தோட்டத்தில் சம்பளம் தாமதமானாலும், அப்பா விபத்தில் படுத்தாலும், அந்தச் சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பார். திருப்பித் தராதவர்களால் அவரும் நொடித்தார் என்பது வேறு கதை. ஜெயண்ட் அந்தப் புத்தகத்தை வைத்திருக்கவில்லை. அதை வென்ற கடையும் வைத்திருக்கவில்லை. இன்று அந்த இடத்தைப் பிடித்திருப்பது கைப்பேசியில் வரும் ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ வசதி. அது ஒரு நாள் தாமதித்தாலும் அபராதம் போடும். முகம் பார்த்து, “அடுத்த மாசம் கொடும்மா” என்று சொல்லாது. எங்கள் தாமானில் அப்படிச் சொல்லக்கூடிய கடை இன்னும் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து நூறு அடியில் புதிய கூடைக் கடைக்குப் பலகை மாட்டியாகிவிட்டது.