கேட்டதை மட்டும் கொடுப்போம்

கிளினிக்கில் நமக்குள்ள ஒவ்வாமையைச் சொல்கிறோம். நூலக முகப்பிடத்தில் சொல்வதில்லை. ஆள் ஒருவர்தான், கேட்பவரைப் பொறுத்துச் சொல்வது மாறுகிறது. இந்த எளிய நாகரிகத்தை நாம் எழுதும் நிரல்களும் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கணினித் துறை சாராத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒரு மாணவரின் பெயர், மெட்ரிக் எண், அடையாள அட்டை எண், முகவரி, தேர்வுப் புள்ளி ஆகிய அனைத்தும் நிரலுக்குள் ஒரே பொருளாக இருக்கும். அதைக் கைப்பேசிச் செயலிக்கு அனுப்ப எழுத்து வடிவமாக மாற்ற வேண்டும். அத்தகைய வடிவங்களுள் இன்று பரவலாகப் பயன்படுவது ஜேசன். ஒரே கட்டளையில் முழுப் பொருளையும் ஜேசனாக்கி அனுப்பிவிடலாம். வசதிதான், ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

நூலகச் செயலிக்குப் பெயரும் மெட்ரிக் எண்ணும் போதும். ஆனால், முழுவதையும் அனுப்பிவிட்டு, "திரையில் காட்டாவிட்டால் சரி" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, வந்து சேர்ந்த தரவு முழுவதையும் யாரும் படிக்கலாமே! ஓவாஸ்ப் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஏபிஐ பாதுகாப்புக் குறைபாடுகள் பத்தில் இது மூன்றாவது. நம் நாட்டின் 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதியையும், அடுத்த 2 பிறந்த இடத்தையும், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதையும் காட்டிவிடும். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். இந்த எண்ணை நினைத்தபோது மாற்ற முடியுமா?

"வேண்டாதவற்றை நீக்கிவிட்டால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது. அடுத்த பருவத்தில் அதே பொருளில் பெற்றோரின் வருமானத்தை ஒருவர் சேர்த்தால், நீக்கும் பட்டியலில் இல்லாத அதுவும் தானாகவே வெளியே போகும். ஆகவே, அனுப்ப வேண்டியவற்றைப் பெயர் குறித்துச் சேர்ப்பதே பாதுகாப்பு. ஜாவாஸ்கிரிப்டில் பொருளுக்குள்ளேயே 'டுஜேசன்' என்று ஒரு வடிவத்தை எழுதி வைக்கலாம். ஆனால், வழக்கமாக அது எல்லாருக்கும் ஒரே முகத்தையே காட்டும். மாறாக, 'ஸ்ட்ரிங்கிஃபை' கட்டளையின் இரண்டாம் இடத்தில் வேண்டிய புலங்களின் பட்டியலைக் கொடுத்தால் அவை மட்டுமே போகும். நூலகத்துக்கு ஒரு பட்டியல், விடுதிக்கு ஒன்று, மாணவருக்கே ஒன்று.

வேலை கூடும் என்பது உண்மை. புலத்தின் பெயர் மாறினால் மூன்று பட்டியல்களையும் திருத்த வேண்டும். ஆனால், அந்தச் சில நிமிடங்களை மிச்சப்படுத்தப் பிறருடைய தகவலை விலையாகக் கொடுக்க நமக்கு என்ன உரிமை? நாளை நாம் பணிபுரியப்போகும் நிறுவனங்கள், 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவை.

எனவே நண்பர்களே, இந்தப் பருவத் திட்டப்பணியை ஒப்படைக்கும் முன் ஒருமுறை எஃப்12ஐ அழுத்திப் பாருங்கள். கேட்காத எதுவும் அங்கே தெரிந்தால், அன்றே திருத்திவிடுங்கள்.