சென்ற கூட்டத்தின் தீர்மானம் என்னாயிற்று?

ஒரு சேவைச் சங்கத்தின் தகுதியை அறிய அதன் பணியேற்பு விழாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. விழா எல்லாச் சங்கங்களிலும் சிறப்பாகவே நடக்கும். அறிய விரும்புவோர், மழை விடாது பெய்யும் ஓர் ஆகஸ்டு மாலையில், சிறப்பு விருந்தினர் எவரும் வராத சாதாரணக் கூட்டம் ஒன்றுக்குச் சென்று கடைசி வரிசையில் அமர வேண்டும். "சென்ற கூட்டத்தில் எடுத்த தீர்மானம் என்னாயிற்று?" என்று எவரேனும் எழுந்து கேட்கிறாரா, அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் அங்கே இருக்கிறாரா என்பதைக் கவனித்தால் போதும். அந்தக் கேள்வி எழும் சங்கம் உயிரோடு இருக்கிறது. எழாத சங்கம், பதாகை எவ்வளவு பெரியதாயினும், பெயரளவில் நிற்கிறது.

இந்த அளவுகோல் எல்லா ஊர்களுக்கும் பொருந்தும். அந்தமானுக்கு, குறிப்பாகச் சாத்தம் போன்ற இடத்துக்கு, இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சாத்தத்தின் வரலாறே வந்தோர் தங்காது போன வரலாறு. 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் தம் முதல் குடியேற்றத்தை இந்தச் சிறு தீவில்தான் அமைத்தார். சில ஆண்டுகளிலேயே அது வட அந்தமானுக்கு மாற்றப்பட்டு, 1796இல் முற்றிலும் கைவிடப்பட்டது. 1858இல் கைதிகளோடு வந்த ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கரும் முதலில் சாத்தத்தில் இறங்கி, தண்ணீர்ப் பற்றாக்குறையால் ராஸ் தீவுக்குப் பெயர்ந்தார். 1883இல் நிறுவப்பட்ட மர அறுவை ஆலை மட்டும், 1942இல் விழுந்த ஜப்பானியக் குண்டையும் தாங்கி, இன்றுவரை அங்கே நிற்கிறது.

இன்றும் அந்நகரின் இயல்பு பெரிதாக மாறிவிடவில்லை. வங்கி அலுவலர், மருத்துவர், ஆசிரியர், துறைமுக அதிகாரி, படைப்பிரிவினர் எனப் பலர் மாற்றலில் வருகின்றனர். இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலில் செல்கின்றனர். சேவைச் சங்கங்களில் சேர்பவர்களில் இவர்கள் கணிசமானோர். நல்ல செயலாளர் ஒருவர் கப்பல் ஏறும்போது அவரோடு சங்கத்தின் நினைவும் ஏறிவிடுகிறது. எந்தப் பள்ளிக்கு என்ன வாக்களிக்கப்பட்டது, எந்தக் குடும்பத்துக்கு மருத்துவ உதவி பாதியில் நிற்கிறது என்பவை புதியவருக்குத் தெரிவதில்லை. அவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார். உதவி பெறுவோர்க்கோ அது ஒரு வாக்குறுதி முறிந்த கதை. ஆகவே இங்கே கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடு வெறும் சம்பிரதாயப் பதிவு ஆகாது. ஆள் மாறினாலும் மாறாதிருக்கும் ஒரே உறுப்பினர் அதுவே.

சேவைச் சங்கம் என்னும் அமைப்பே கூட்டத்தில் பிறந்தது என்பதை நினைவுகூர்வது நன்று. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு ஓர் அலுவலக அறையில் அமர்ந்தார். அடுத்தடுத்த கூட்டங்களை உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்து மாற்றி மாற்றி நடத்தினர். அந்தச் சுழற்சியே ரோட்டரி என்னும் பெயருக்குக் காரணமாயிற்று. ஆக, சேவைக்கு முன்பே கூட்டம் இருந்தது. 1907இல் அவர்கள் கையில் எடுத்த முதல் பொதுப்பணி என்ன? நகரத்தில் பொதுக் கழிப்பறை கட்டுவிக்கும் முயற்சி. படம் எடுத்துப் பெருமைப்பட ஏற்ற பணி அன்று அது. நகராட்சியையும் பிற அமைப்புகளையும் தொடர்ந்து அணுகி, எதிர்ப்பைப் பொறுத்து, மீண்டும் மீண்டும் பேச வேண்டிய பணி. தொடர்ந்து கூடியவர்களால்தான் அதைச் செய்ய முடிந்தது.

இன்றைய கூட்டங்களின் நிலை வேறு. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, சிறப்புரை, குழுப்படம், விருந்து என்று நிகழ்ச்சிநிரல் நீள்கிறது. தீர்மானங்களுக்குக் கிடைப்பது உணவு பரிமாறத் தொடங்கும் முன்னுள்ள ஐந்து நிமிடம். "செய்யலாம்" என்று எல்லோரும் சொல்கின்றனர். யார் செய்வது என்பதை எவரும் சொல்வதில்லை. பொன்னாடை போர்த்துவது தவறன்று. தமிழர் மரபில் அதற்கோர் இடம் உண்டு. ஆயினும் கூட்டந்தோறும் போர்த்தப்படும் பொன்னாடை சங்கத்தின் நேரத்தையும் சேர்த்தே மூடிவிடுகிறது.

தொடர்ச்சி இல்லாத சேவையால் என்ன கெடும் என்பதைக் குருதிக்கொடை தெளிவாகக் காட்டும். சேவைச் சங்கங்களுக்கு மிக விருப்பமான நிகழ்ச்சி, ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் குருதிக்கொடை முகாம். ஜூன் 14, உலகக் குருதிக் கொடையாளர் நாள். அல்லது தலைவர் ஒருவரின் பிறந்தநாள். ஒரே காலையில் 65 பேர் குருதி தருகின்றனர். செய்தித்தாளில் படம் வருகிறது. ஆனால் தட்டணுக்களைச் சேமித்து வைக்கக்கூடிய காலம் ஐந்து நாள். சிவப்பணுக்களைச் சேர்க்கப்படும் பாதுகாப்புக் கரைசலுக்கு ஏற்ப 35 அல்லது 42 நாள் வைத்திருக்கலாம். அதன்பின் எஞ்சியது பயன்படாது. பெருநிலத்தில் ஒரு மருத்துவமனையில் குருதி இல்லையெனில் அடுத்த ஊரிலிருந்து வாகனத்தில் கொண்டுவரலாம். சென்னையிலிருந்து கடல்வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில், கப்பலில் மூன்று நாள் பயணத்தில் இருக்கும் ஊருக்கு அந்த வசதி இல்லை. கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனையில் பிள்ளைப்பேற்றின்போது குருதிப்போக்குக்கு ஆளாகும் பெண்ணுக்கு, ஆறு மாதம் முன்பு நடந்த முகாமின் படம் உதவாது.

இதே 65 பேரைப் பட்டியலாக்கினால் நிலைமை மாறும். இந்தியாவில் ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் குருதி கொடுக்கலாம். வாரத்துக்கு ஐவர் வீதம் அழைத்தால் 65 பேரின் முறை முடிய 13 வாரம், அதாவது 91 நாள் ஆகும். அதற்குள் முதல் வாரத்து ஆண்கள் மீண்டும் தகுதி பெற்றுவிடுவர். பெண்கள் உள்ள பட்டியலைச் சற்றே நீட்டிக்கொண்டால் போதும். ஒரு நாள் முகாமில் ஆண்டுக்கு 65 அலகு கிடைத்த இடத்தில், முறைவைப்பில் 260 அலகு வரை கிடைக்க வழியுண்டு. அதுவும் வாரந்தோறும், புதிதாக. மருத்துவர் தகுதியில்லை என்று திருப்பி அனுப்புவோரையும் ஊரில் இல்லாதோரையும் கழித்தாலும் ஆதாயம் பெரிது. இதற்கு மண்டபமும் பதாகையும் தேவையில்லை. குருதி வங்கியை அழைத்து இந்த வாரம் எந்தப் பிரிவு குறைவு என்று கேட்கும் ஒருவர், ஐவரைத் தொலைபேசியில் நினைவூட்டும் ஒருவர், அடுத்த கூட்டத்தில் "ஐவரில் எத்தனை பேர் சென்றனர்?" என்று கேட்கும் ஒருவர் ஆகிய மூவர் போதும்.

தொடர்ச்சியின் வலிமைக்குப் பெரிய சான்று போலியோ ஒழிப்பு. ரோட்டரி இயக்கம் 1985இல் அந்தப் பணியைத் தொடங்கியது. இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரி 13 அன்று, மேற்கு வங்கத்தின் ஹவுராவில். இடைப்பட்ட 26 ஆண்டுகளில் அரசும் உலக அமைப்புகளும் தன்னார்வலரும் செய்தது என்ன? அதே குழந்தைகளுக்கு, அதே தெருக்களில், அதே இரண்டு சொட்டு மருந்தைச் சுற்றுச் சுற்றாக மீண்டும் மீண்டும் கொடுத்தனர். இலங்கையில் போர் நடந்த காலத்திலும், சொட்டு மருந்து நாள்களில் இரு தரப்பும் துப்பாக்கிகளை ஓயவைக்கும் உடன்பாடு எட்டப்பட்டது. அந்தப் பேச்சுகளில் யுனிசெஃப் அமைப்போடு இணைந்து உழைத்த கொழும்பு ரோட்டரி உறுப்பினர் கே.ஆர். ரவீந்திரன் பின்னாளில், 2015–16இல், அவ்வியக்கத்தின் உலகத் தலைவரானார். ஒரு நாள் உற்சாகத்தால் நடந்த செயல் இது என்று எவரும் சொல்ல முடியாது.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. இளைஞர்க்கு நேரமில்லை; வாரந்தோறும் கூட்டம், வருகைப் பதிவு, உணவுச் செலவு ஆகியவை அவர்களை விரட்டுகின்றன என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. ரோட்டரி இயக்கமே 2016இல் தன் சட்டமன்றத்தில் விதிகளைத் தளர்த்தி, மாதம் இருமுறை கூடினால் போதும் என்றது. ஆனால் கூட்டத்தைக் குறைப்பதும் கூட்டத்தின் உள்ளீட்டைக் குறைப்பதும் ஒன்றல்ல. மாதம் இருமுறை, ஒரு மணி நேரம், தேநீரோடு முடியும் கூட்டம் இளைஞரை விரட்டாது. தாம் சொன்னது நடந்ததா என்று அறிய முடியாத கூட்டமே அவர்களை விரட்டுகிறது.

கூட்டத்தை யாருக்கு ஏற்றபடி வைக்கிறார்கள் என்பதும் ஆராயத்தக்கது. சாத்தம் படகுத்துறையிலிருந்து பாம்பூ பிளாட்டுக்குப் படகில் திரும்ப வேண்டியவருக்கு இரவு விருந்துக் கூட்டம் பயன்படாது. படகு நேரம் பார்த்துக் கூட்ட நேரம் வைக்கும் சங்கத்துக்கே அக்கரை உறுப்பினர் கிடைப்பர். மொழியும் அப்படியே. 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். வங்காளம், இந்தி, தெலுங்கு, மலையாளம் பேசுவோரும் அருகருகே வாழ்கின்றனர். பொதுப்பேச்சு இந்தியில் நடக்கும். குறிப்பேடோ ஆங்கிலத்தில் எழுதப்படும். ஆலைத் தொழிலாளியும் மீன் விற்கும் பெண்ணும் தங்களைப் பற்றிய தீர்மானத்தைக் கேட்டும் அறியாது, படித்தும் அறியாது வீடு திரும்பும் நிலை கூடாது. தீர்மானங்களை முடிவில் எளிய மொழியில் ஒருமுறை உரக்கப் படிக்க மூன்று நிமிடம் போதும்.

மற்றொரு சிக்கல் ஆண்டு மாற்றம். ஜூலை 1 அன்று புதிய தலைவர் பொறுப்பேற்கிறார். அந்தமானில் அது தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் காலம். கடல் கொந்தளித்துப் படகுகள் நிற்கும் நாள்கள் பல. மழை ஓய்ந்து பணி சூடுபிடிக்கும்போது ஆண்டில் பாதி கழிந்துவிடுகிறது. மீதிக்காலத்தில் தம் பெயர் நிற்க ஒரு புதுத் திட்டம் வேண்டும் என்று தலைவர் விரும்புகிறார். முந்தையவரின் திட்டம் அநாதையாகிறது. ஓராண்டுப் பதவி அதிகாரம் ஒருவரிடமே தேங்காதிருக்க ஏற்பட்ட நல்ல ஏற்பாடு. அதைக் கைவிட வேண்டியதில்லை. சென்ற தலைவர், இன்றைய தலைவர், அடுத்த தலைவர் மூவரும் கையொப்பமிட்ட மூன்றாண்டுப் பணித்திட்டம் ஒன்று இருந்தால் போதும்.

செய்ய வேண்டியவை எளியவை. குறிப்பேட்டில் நான்கு பத்திகள்: தீர்மானம் என்ன, பொறுப்பு யாருக்கு, எந்த நாளுக்குள், நடந்ததா. ஒவ்வொரு கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் நான்காம் பத்தியை நிரப்புவதற்கே. நடக்காததை நடக்கவில்லை என்று எழுதும் நேர்மை வேண்டும். அதில் அவமானம் ஏதுமில்லை. பொருளாளர் வரவு செலவைக் கூட்டந்தோறும் வாசிக்க வேண்டும். பொதுமக்களிடம் திரட்டிய பணத்தை நிர்வாகச் செலவுக்குத் தொடக்கூடாது என்பது அரிமா சங்கங்களின் விதி. எல்லாச் சங்கங்களும் அதைத் தமதாக்கிக்கொள்ளலாம். மாற்றலில் செல்லும் உறுப்பினர் விடைபெறும் நாளில் நினைவுப் பரிசு பெறுவதற்கு முன், தம் கையிலுள்ள பணியை இன்னொருவர் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டுச் செல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்தபோது, பெருநிலத்தின் உதவி வந்துசேரும்வரை இத்தீவுகளின் மக்களுக்குத் துணை நின்றவர் அருகிலிருந்த மக்களே. அத்தகைய நாள் மீண்டும் வரலாம். யாரிடம் படகு இருக்கிறது, யாருடைய குருதி எந்தப் பிரிவு, எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார் என்பவை அன்று காலையில் கூடித் திரட்டும் செய்திகள் அல்ல. அவை சாதாரண நாள்களில், மழை பெய்யும் மாலைகளில், பத்துப் பேர் மட்டுமே வந்த கூட்டங்களில் எழுதி வைக்கப்பட வேண்டியவை. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் எழுந்து, சென்ற கூட்டத்தின் தீர்மானம் என்னாயிற்று என்று கேட்டால், சங்கம் தன் பணியைச் செய்யத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.