தகுதி உயர்ந்தது, ஆட்டம் போயிற்று

கல்லூரி பல்கலைக்கழகமாவதை வளர்ச்சி என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள் மைதானத்தின் பக்கம் போனதில்லை என்றே நினைக்கிறேன்.

2003இல் மதுரவாயலில் டாக்டர் எம்.ஜி.ஆர்., 2005இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சவீதா, 2008இல் ஆவடியில் வேல்டெக் என்று நிகர்நிலைத் தகுதி வரிசையாக வந்தது. இணைப்புக் கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிற பெண், அக்கம்பக்கத்துக் கல்லூரிகளோடு மோதி, தன் கல்லூரி தோற்றாலும் தான் தேறி, பெரிய பல்கலைக்கழக அணியின் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாகலாம். தகுதி மாறினால் அந்த வாசல் அடைபட்டுவிடும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகளில் மாணவி தன் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே ஆட முடியும். எங்கே மகளிர் அணி இல்லையோ, அங்கே படிப்பவளுக்கு ஆட்டமே இல்லை.

சில தனியார் பல்கலைக்கழகங்கள் கட்டணச் சலுகையும் விடுதியும் தந்து வீராங்கனைகளைச் சேர்ப்பதை மறுக்கவில்லை. அந்தச் சலுகை விளம்பரத்துக்கு உதவும் ஆட்டங்களுக்குத்தான். பூப்பந்தையும் கோ-கோவையும் யார் சீந்துகிறார்கள்? (ஆண்கள் கிரிக்கெட்டுக்கு எங்கும் பஞ்சமில்லை.)

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். ஆண்கள் கால்பந்தின் தொலைக்காட்சிப் பணத்துக்காக 2024இல் பேக்-12 கூட்டமைப்பை விட்டுப் பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறின. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பெண்கள் இப்போது கூடைப்பந்து ஆட அட்லாண்டிக் கரை வரை பறக்கிறார்கள்.

அவர்களுக்கு விமானமாவது உண்டு. நம் பெண்ணுக்கு வேண்டியது ஒரு விதித்திருத்தம் மட்டுமே: சொந்த அணி இல்லாத பல்கலைக்கழகத்து மாணவி அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் தேர்வில் கலந்துகொள்ளட்டும். இதற்கு என்ன தடை என்று சங்கம் சொல்லட்டும்.