பில்லுக்குத் தமிழ் தெரியாதா?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகிற பஸ்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்நாடு, புதுச்சேரி, திரும்பத் தமிழ்நாடு, திரும்பப் புதுச்சேரி என்று மாநிலம் மாறி மாறி வரும். ஒயின் ஷாப்பை வைத்துத்தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்படி நடுவில் வருகிற தமிழ்நாட்டுத் துண்டுதான் கண்டமங்கலம்.

அங்கே ஓர் உரக்கடையில் நண்பருக்காகக் காத்திருந்தேன். மல்லாட்டைக்கு மருந்தும் வேறு சில சாமானும் வாங்கிய பெரியவர் ஒருவர், பில்லை என்னிடம் நீட்டினார்.

"மருந்துக்கு எவ்ளோ போட்ருக்குன்னு பாரு தம்பி."

பார்த்தேன். பையில் மருந்து இரண்டு பாட்டில். பில்லில் மூன்று. 480 ரூபாய் கூடுதல். கடைக்காரர் பதறிப்போய், "கை தவறிடுச்சு பெரியவரே" என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஏமாற்றுகிற ஆள் இல்லை. அது தெரிந்தது.

பெரியவர் படிக்காதவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கக்கத்தில் தினத்தந்தி இருந்தது. எண்களும் நன்றாகத் தெரியும். பில்லில் இருந்த ஐந்து வரியும் சுருக்கி அடித்த இங்கிலீஷ். எந்த எண் எந்தச் சாமானுக்கு என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே இருக்கிற சாட்சிதான் பில் என்று எனக்கு பி.காமில் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே சாட்சி, ஒரு கட்சிக்காரருக்குப் புரியாத மொழியில் பேசுகிறது.

அதே கம்ப்யூட்டரின் சாமர்த்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். சில கிலோமீட்டர் தள்ளி, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வியாபாரிக்கு மூட்டை அனுப்பினால், அது வேறு மாநிலம் என்று தெரிந்துகொண்டு தானாக ஐ.ஜி.எஸ்.டி. போடுகிறது. உள்ளூர் என்றால் வரியை மத்திய அரசுக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி என்று பிரிக்கிறது. சரக்கு எந்த மாநிலத்துக்குப் போகிறது என்று தெரிந்த சாஃப்ட்வேருக்கு, வாங்குகிறவர் எந்த மொழி படிப்பார் என்று மட்டும் தெரியவில்லை.

கூத்து இனிமேல்தான். கடைக்காரரின் மகன் சென்னையில் சாஃப்ட்வேர் என்ஜினீயர். லீவில் வந்திருந்தார். என்ன வேலை என்று கேட்டேன். "எல்-டென்-என் சார்" என்றார். ஒரு நாட்டில் செய்த மென்பொருளை இன்னொரு நாட்டுக்காரர் பயன்படுத்துகிற மாதிரி மாற்றித் தருவதற்கு 'லோக்கலைசேஷன்' என்று பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவில் பத்து எழுத்து. அதனால் அந்தச் சுருக்கம்.

தம்பி ஆசையாகச் சொன்னார். 'செட்டிங்ஸ்' என்று எட்டெழுத்தில் முடிகிற பட்டன், ஜெர்மனில் 'ஐன்ஷ்டெல்லுங்கன்' என்று பதின்மூன்று எழுத்தாகிவிடும். அதற்காகப் பட்டனை அகலமாக்க வேண்டும். அரபி என்றால் திரையையே கண்ணாடியில் பார்ப்பதுபோல வலமிருந்து இடமாகத் திருப்ப வேண்டும். 4/5 என்றால் அமெரிக்காவில் ஏப்ரல் 5, இங்கிலாந்தில் மே 4. ஜப்பானியர் பெயரை எழுத ஒரு கட்டம் போதாது, எப்படி உச்சரிப்பது என்று காட்ட இன்னொரு கட்டம் வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. ஜப்பான்காரர் பெயருக்குக் கட்டம் போட நம் ஊர்ப் பையன் ராத்திரி கண் விழிக்கிறான். அவன் அப்பாவின் கடையிலோ, இனிஷியலோடு ஒற்றைப் பெயர் வைத்திருக்கிற ஊர்க்காரர்களிடம் 'லாஸ்ட் நேம்' கேட்டு அடம் பிடிக்கிறது ஒரு படிவம்!

பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்பெனியையும் ரொம்பத் திட்ட முடியாது. 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய ஸோஹோவும், 2010-ல் சென்னையில் பிறந்து 2021-ல் நாஸ்டாக் வரை போன ஃப்ரெஷ்வொர்க்ஸும் உலகம் பூராவும் விற்கின்றன. வாங்குகிறவன் கேட்பதைச் செய்துதான் இந்தத் தொழிலில் விற்க முடியும். சவூதியில் 2018-ல் வாட் வரி வந்தபோது, வரி பில்லில் அரபி கட்டாயம், வேறு மொழி வேண்டுமானால் கூடச் சேர்த்துக்கொள் என்றார்கள். அங்கே விற்க வேண்டுமானால் அரபியில் பில் அடித்தாக வேண்டும், முடிந்தது கதை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சுக்கென்று 1977-ல் சட்டம் போட்டார்கள். 1997-ல் அதில் மென்பொருளையும் சேர்த்தார்கள். பிரெஞ்சுப் பதிப்பு என்று ஒன்று இருந்தால் அது கிடைத்தாக வேண்டும்.

'அதெல்லாம் பணக்கார மார்க்கெட் சார்' என்பார்கள். ஐஸ்லாந்தில் அன்றைக்கு மூன்று லட்சம் பேர்கூட இல்லை. விண்டோஸை எங்கள் மொழியில் கொடு என்று கேட்டபோது, சின்ன மார்க்கெட் என்று மைக்ரோசாஃப்ட் உதட்டைப் பிதுக்கியது. அரசாங்கம் விடவில்லை. திருட்டுக் காப்பியை ஒழிக்கிறோம் என்று பேரம் பேசி, 1999-ல் சம்மதிக்க வைத்தது. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் மட்டும் தமிழ் பேசுகிறவர்கள் 6.9 கோடி.

நமக்குக் கேட்கவே தெரியாது என்றும் இல்லை. விண்டோஸ் 95-ல் இருந்த வரைபடத்தில் காஷ்மீரின் எட்டே எட்டுப் புள்ளிகள் வேறு பச்சையில் இருந்ததற்காக, இந்தியாவில் இரண்டு லட்சம் பிரதிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது என்று மைக்ரோசாஃப்ட்காரர் ஒருவரே 2004-ல் சொன்னார். எட்டுப் புள்ளிக்கு இருந்த ரோஷம் 247 எழுத்துக்கு இல்லை.

தொழில்நுட்பம் ஒத்துழைக்காது என்பது பழைய சாக்கு. யூனிகோடின் முதல் பதிப்பு வந்த 1991-லேயே தமிழ் அதில் இருந்தது. 2006-ல் வந்த டாலி 9, தமிழ் உள்பட இந்திய மொழிகளில் கணக்கு எழுத வழி செய்தது. உரக்கடை மேஜையிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. ஜிபேயில் பணம் போட்டால் இத்தனை ரூபாய் வந்தது என்று அழகாகத் தமிழில் சத்தம் போடுகிற பெட்டி! அது கடைக்காரர் காதுக்கு. பணம் வாங்குகிறவருக்குத் தமிழ், பணம் கொடுக்கிறவருக்கு இங்கிலீஷ்.

பூச்சிமருந்து டப்பாவோடு வருகிற துண்டுத்தாளில் பொடி எழுத்திலாவது தமிழ் இருக்கிறது. காரணம், வட்டார மொழி வேண்டும் என்று விதி இருக்கிறது. கடையின் பெயர்ப்பலகையிலும் தமிழ் இருக்கிறது, அதற்கும் விதி. பலகையைத் தார் பூசி அழிக்கப் போராட்டம் நடத்திய ஊர் நம்முடையது. உள்ளே கையில் கொடுக்கிற காகிதத்தை எந்தக் கட்சியாவது எட்டிப் பார்த்திருக்கிறதா? பலகை போட்டோவில் விழும், பில் விழாது. பலகைக்குப் போட்ட விதியைப் பில்லுக்கும் நீட்ட ஓர் அரசாணை போதும். இங்கிலீஷை எடுக்கச் சொல்லவில்லை. சவூதிபோல, கூட வைத்துக்கொள்ளட்டும்.

கிளம்புவதற்கு முன் கடைக்காரரை உசுப்பிவிட்டேன். சாஃப்ட்வேர் விற்ற டீலருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். "தமிழ்ல பில் வருமாப்பா?"

"வருமே சார். சாமான் பேரைத் தமிழ்ல ஒரு தடவை ஏத்தணும். அவ்ளோதான்."

"இத்தினி வருசமா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையே சார்."

எத்தனை சாமான் என்று கேட்டேன். முந்நூறு இருக்கும் என்றார் கடைக்காரர். மகனைப் பார்த்தார். மகன் லீவு இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி என்றபடி லேப்டாப்பைத் திறந்தார்.