இரண்டு சக்கரத்தில் எத்தனை சிப்பம்?

1980இல் டி.வி.எஸ். 50 வந்த பிறகு, சைக்கிள் கேரியரிலும் கைவண்டியிலும் போய்வந்த சரக்கு மெல்ல அதன்மேல் ஏறியது. பேகம்பூரில் இன்றும் வாசலில் ஒரு எக்ஸ்.எல். நிற்காத மளிகைக் கடை அபூர்வம். சிறு வியாபாரிக்குக் கைகொடுத்த அந்த வண்டியை நாம் குறை சொல்ல வரவில்லை. அதன்மேல் நாம் ஏற்றும் பாரத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

எக்ஸ்.எல். 100 தாங்கும் சுமை 130 கிலோ என்கிறது கம்பெனி விவரம். ஓட்டுபவரும் அந்தக் கணக்கில் சேர்த்தி. 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், 26 கிலோ சிப்பம் பரவியதை நாம் அறிவோம். 65 கிலோ எடையுள்ள ஆளும் இரண்டு சிப்பமும் சேர்ந்தால் 117 கிலோ. மேலே 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று வைத்தாலே 132 ஆகிவிடும். ஆனால் மூன்று சிப்பம், டின், ஹேண்டில்பாரில் இரண்டு பை என்றல்லவா நடைமுறை இருக்கிறது!

பாரம் பின்சக்கரத்தைத் தாண்டித் தள்ளிப் போனால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் அலையும். முன்னால் நிறுத்திய மூட்டை ஹேண்டில்பாரைத் தொட்டால் வண்டியைத் திருப்ப முடியாது. கயிற்றின் தொங்கும் நுனி சக்கரத்தில் சுற்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடை கூடக்கூட பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும். மதுரை ரோட்டில் முன்னால் போகும் பஸ் சட்டென நின்றால் என்ன ஆகும்?

விழுந்தால் பழி ஓட்டிய பையன் தலையில்தான். "ஒரே நடையா எடுத்துட்டுப் போயிருப்பா" என்று கட்டிவிட்டது மொத்தக் கடை. வாடகை மிச்சம் என்று நினைத்தது சில்லறைக் கடை. சம்பளத்துக்கு நிற்கும் பையன் முடியாது என்று சொல்வானா?

சட்டம் நம்மை விடாது. வேலை நிமித்தமாக நேரும் விபத்துக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்பது 1923 முதல் இந்நாட்டில் உள்ள விதி. 18 வயது நிரம்பாத பையனிடம் இந்த வண்டியைக் கொடுத்தால், 2019 திருத்தச் சட்டப்படி வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பணம் கட்டிவிடலாம், போன காலும் கையும் திரும்புமா?

லாபம் குறைவு, ஆட்டோ வாடகை கட்டாது என்பது நியாயமான பேச்சுதான். அதனால்தான் சொல்கிறோம்: ஒரே தெருவில் உள்ள நான்கு கடைகள் நாள் குறித்துச் சேர்ந்து ஒரு குட்டியானை பிடித்தால், அரிசி, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் அதில் வந்துவிடும். அவசரத்துக்கு மொபெட் போதும். அதிலும் இரண்டு சிப்பத்துக்கு மேல் கட்டுவதில்லை என்று மொத்த வியாபாரிகள் முடிவெடுக்க வேண்டும். பாரத்தைத் தாழ்வாக, இருபுறமும் சமமாக வைத்து, கயிற்று நுனியைச் செருகி, ஹெல்மெட் போட்ட பிறகே வண்டியை அனுப்ப வேண்டும்.

இன்னொரு நடை போனால் கால் மணி நேரமும் கொஞ்சம் பெட்ரோலும் செலவாகும். அதைக் கடைச் செலவில் எழுதிக்கொள்ளுமாறு உறுப்பினர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.